தராசு அறைக்கு ஒரு தாழ்ப்பாள்

எடை அளவைத் துறையின் தலைமை அலுவலகத்தில் ஒரு விஷயம் இருக்கிறது என்று சொன்னால், அது எவ்வளவு இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். எவ்வளவு என்று தெரியாத எதுவும் அங்கே இருப்பதாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. வாசலில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் 'எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே உள்ள கடிகாரம் ஏழு நிமிடம் பின்னால் ஓடும். நேரம் வேறொரு துறையின் பொறுப்பு என்பதால் அதில் யாரும் கை வைப்பதில்லை.

இரண்டாம் மாடியின் கோடியில் தராசு அறை இருந்தது. நாட்டிலுள்ள எடைக்கற்கள் எல்லாம் எந்தக் கல்லைப் பார்த்துத் தங்களைச் சரிசெய்துகொள்கின்றனவோ, அந்த ஒரு கிலோ மூல எடைக்கல் அங்கேதான் இரட்டைக் கண்ணாடிக் கூட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொள்பவளை அலுவலகத்தில் எல்லோரும் மில்லி என்று கூப்பிட்டார்கள். ஒரு மில்லிகிராம் குறைகிறது என்று ஒரு லோடு எடைக்கற்களை அவள் திருப்பி அனுப்பிய நாளிலிருந்து வந்த பெயர். அவளுக்கும் அதில் வருத்தமில்லை.

தராசு அறை வேலையில் முக்கால்வாசி, அசையாமல் இருப்பதுதான். மனித உடம்பு ஓர் அடுப்பு. பக்கத்தில் வந்தாலே காற்று சூடாகி முள் ஆடும். அதனால் கல்லை வைத்துவிட்டு இருபது நிமிடம் மூச்சைக்கூட அளந்து விட்டபடி உட்கார்ந்திருக்க வேண்டும். அறைக்குள் அதிகபட்சம் இரண்டு பேர் என்பது விதி. நேரம், வெப்பநிலை, அறையில் இருந்தோர் எண்ணிக்கை, தொந்தரவு இருந்தால் காரணம், காரணம் இருந்த தூரம் என்று ஐந்து பத்திகள் கொண்ட குறிப்பேடு ஒன்று உண்டு. மில்லி அதை ஒரு நாள் விடாமல் எழுதுவாள். வாரக் கடைசியில் துணை இயக்குநர் படித்துப் பார்க்காமலே ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுவார்.

துணை இயக்குநர் நல்ல மனிதர் என்பதில் அலுவலகத்தில் இரண்டு கருத்து இல்லை. எல்லோருடைய பிறந்தநாளும் அவருக்கு ஞாபகம் இருக்கும். மில்லி கல்லை வைத்துவிட்டு உட்கார்ந்த பிறகு அவர் மேற்பார்வைக்கு வருவார். எப்போதும் உட்கார்ந்த பிறகுதான் வருவார். அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். அவருடைய மூச்சு அவள் கழுத்தில் படும். ஒரு கை நாற்காலியின் முதுகில் இருக்கும். பிறகு நாற்காலியில் இருக்காது. இருபது நிமிடம் அவளால் திரும்ப முடியாது, எழுந்திருக்க முடியாது. கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும் கல்லைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அதுவும் அசையாமல் இவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் எடை முடிந்ததும் சொன்னாள். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்."

"நான் உனக்கு அப்பா மாதிரிம்மா" என்றார் அவர்.

வீட்டில் இதைச் சொன்னபோது அவள் கணவன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். பஸ் டிரைவர்.

"உங்க அப்பா இப்படித்தான் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டு நிப்பாரா?"

"எங்க அப்பா அடுத்த ரூம்லேர்ந்தே கத்துவாரு."

அவன் தட்டைத் துடைத்து வைத்தான். "எங்களுக்குப் பின்னாடி எவனாவது ஒட்டிக்கிட்டு வந்தா பிரேக்கை லேசாத் தொட்டு விளக்கைக் காட்டுவோம். தானா விலகிடுவான். உனக்கு பிரேக் எங்க இருக்கு?"

மில்லி யோசித்தாள். அந்த வீட்டில் யோசிக்கும்போது யாரும் குறுக்கே பேச மாட்டார்கள்.

"ஒரு தாழ்ப்பாள் போதும்" என்றாள் கடைசியில். "உள்பக்கமா."

தாழ்ப்பாள் கட்டடப் பிரிவின் பொறுப்பு. விண்ணப்பத்தில் 'பொருளின் தேவைக்கான காரணம்' என்று ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். அவள் ஒரு வரியில் எழுதினாள்: 'நான் எடை பார்க்கும்போது துணை இயக்குநர் உள்ளே வந்து என்மேல் கை வைக்காமல் இருப்பதற்கு.' கட்டடப் பிரிவு எழுத்தர் அதைப் படித்தார். மேசையில் வைத்தார். போய்க் கை கழுவிவிட்டு வந்து, விண்ணப்பத்தை ஓர் உறைக்குள் போட்டு இயக்குநருக்கு அனுப்பினார்.

இயக்குநர் அவளைக் கூப்பிட்டார்.

"இது தாழ்ப்பாள் விஷயம் இல்லம்மா. கொள்கை விஷயம். இந்த நிறுவனம் பெண்களை எவ்வளவு மதிக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அளவே இல்லாம மதிக்குது" என்றார் இயக்குநர். அந்த அலுவலகத்தில் அளவே இல்லாத ஒன்றைப் பற்றி அவள் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை.

சட்டப்படி இதற்கென்று புகார்க் குழு ஒன்று இருந்தது. மாடிப்படி ஓரத்தில் பலகைகூட மாட்டியிருந்தார்கள். அதில் பெயருள்ள ஐந்து பேரில் நான்கு பேர் ஓய்வு பெற்றிருந்தார்கள். ஐந்தாமவர் துணை இயக்குநர். எனவே ஏற்கெனவே சேர்ந்து உட்கார்ந்து பழகிய ஒரு குழுவுக்குக் கூடுதல் பொறுப்பு கொடுக்கப்பட்டது. அது பழைய சாமான்களைக் கழித்துக்கட்டும் குழு. பயிற்சிப் பிரிவு மேடம் தலைவி. ஸ்டோர்கீப்பரும் சட்ட அலுவலரும் உறுப்பினர்கள். புதுப் படிவம் அச்சாகாததால் பழைய படிவத்தையே வைத்துக்கொண்டார்கள்.

"எத்தனை வருஷமா பயன்பாட்டுல இருக்கீங்க?" என்று சட்ட அலுவலர் படித்தார்.

"எட்டு வருஷம் சார்."

"பழுது பார்த்தா மறுபடி உபயோகப்படுமா?"

"எது சார்?"

"அதைக் காலியா விடுங்க" என்றார் மேடம். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கனிவாகச் சொன்னார். "பாரும்மா, நானும் பொம்பளைதான். முப்பது வருஷ சர்வீஸ். எனக்கு இப்படி எதுவும் நடந்தது இல்ல. நடந்தப்போகூட நான் அதை நடந்ததா எடுத்துக்கலை. அதுதான் தன்னம்பிக்கை."

குழு கொஞ்ச நேரம் அந்தத் தன்னம்பிக்கையை மௌனமாகப் பாராட்டியது.

"சாட்சி ரெண்டு பேர் வேணும்" என்றார் சட்ட அலுவலர்.

"ரூமுக்குள்ள ரெண்டு பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி சார். நான் ஒண்ணு, அவரு ஒண்ணு."

"அப்ப நீங்க ஒரு சாட்சி. இன்னொருத்தர் அவர்தான். அவர் ஒத்துக்கணும்."

"குறிப்பேடு இருக்கு சார். தொந்தரவு பத்தியில எல்லாம் எழுதியிருக்கேன்."

சட்ட அலுவலர் தலையை ஆட்டினார். "அது எடைக்கல் சம்பந்தமான ஆவணம். இந்தக் குழு மனுஷங்களை மட்டும்தான் விசாரிக்கலாம்."

எதையும் அளக்காமல் முடிவெடுப்பது துறையின் மரபு இல்லை. ஆகவே சம்பவத்தை நடித்துப் பார்ப்பது என்று தீர்மானமாயிற்று. மில்லியாக நடிக்க மூலையில் இருந்த கோட்டு மாட்டும் ஸ்டாண்டை நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். அது அவர்கள் போன மாதம் கழித்துக்கட்டத் தீர்மானித்திருந்த சாமான். ஸ்டோர்கீப்பர் துணை இயக்குநராக நின்றார். சட்ட அலுவலர் அளவுகோலைப் பிடித்தார்.

"இவ்வளவு கிட்டவா? இல்ல இன்னும் கிட்டவா?"

"இன்னும்."

"இதுக்கு மேல போனா ஸ்டாண்டு விழுந்துடும்மா" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"நான் விழலை அண்ணே" என்றாள் மில்லி.

பிறகு சுருள்வில் தராசு வந்தது. ஸ்டோர்கீப்பர் அதை ஸ்டாண்டின் தோளில் வைத்து அழுத்திக்கொண்டே போனார். "இருநூறு கிராம்... முந்நூறு... இதுவா? நானூறு போடலாமா? சும்மா ஒரு தோராயமாச் சொல்லும்மா."

தன் வாழ்க்கையில் முதல் தடவையாக மில்லி ஓர் எடையைச் சொல்ல மறுத்தாள். 'புகார்தாரர் ஒத்துழைக்கவில்லை' என்று மேடம் குறித்துக்கொண்டார்.

மறுநாள் இடைக்கால அறிக்கை வந்தது. உண்மை கண்டறியப்படும் வரை புகார்தாரரின் பாதுகாப்பைக் கருதி, அவரை ஒன்றாம் தேதி முதல் ஊருக்கு வெளியே உள்ள பழைய சாமான் கிடங்குக்கு மாற்றுவது என்று அதில் இருந்தது.

"அங்க ஆளே வர மாட்டாங்க. ரொம்பப் பாதுகாப்பான இடம்" என்றார் மேடம்.

"தராசை யாரு பாத்துக்குவாங்க மேடம்?"

"துணை இயக்குநர் கூடுதலாப் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கார். எவ்வளவு பெரிய மனசு பாரு."

அந்தத் தராசு பழக அவளுக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது. எந்தக் காலநிலையில் அது எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். அன்று சாயங்காலம் அவள் கணவனிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "தாழ்ப்பாள் கேட்டேன். கதவையே பிடுங்கிட்டாங்க."

அவன் மேசைமேல் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்தான். உள்ளே ரப்பர் குமிழ் வைத்த பழைய ஹார்ன். "பிரேக் கிடைக்கற வரைக்கும் இதை வெச்சுக்கோ."

அவள் சிரித்தாள். அந்த வாரத்தில் அதுதான் அவள் சிரித்த ஒரே தடவை. தேதி இருபத்தொன்று.

இதற்குள் விஷயம் பத்திரிகைக்குப் போயிருந்தது. இரண்டு பத்தியில் ஒரு செய்தி. அது போதுமானதாக இருந்தது. அலுவலகம் இரண்டாகப் பிரிந்தது. பெண்ணியம் எல்லை மீறிப் போகிறது என்று ஒரு கட்சி. பெண்ணியம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியிலும் ஆணும் பெண்ணும் சரிபாதி இருந்தார்கள். லிஃப்டில் இரண்டு பெண்கள் சேர்ந்து ஏறினால் ஆண்கள் படியேறிப் போனார்கள். தட்டச்சுப் பிரிவுப் பெரியவர் ஒருவர் பாதுகாப்புக்காக இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே வேலைக்கு வந்து போனார். அவர் வேலை ஒன்றும் அதனால் கெடவில்லை.

இயக்குநர் இதைப் பொறுப்போடு கையாள விரும்பினார். அலுவலக அரங்கில் பொது விவாதம் ஒன்று ஏற்பாடாயிற்று. தலைப்பு: 'பெண்ணியம்: சரியான அளவு என்ன?' விசாரணை நடந்துகொண்டிருப்பதால் மில்லி மேடையில் பேசக் கூடாது, ஆனால் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். விசாரணை நடந்துகொண்டிருந்தாலும் துணை இயக்குநர் வரவேற்புரை ஆற்றலாம். ஏனென்றால் வருடா வருடம் அவர்தான் வரவேற்புரை ஆற்றுகிறார்.

"எனக்கு அம்மா உண்டு, மனைவி உண்டு, மகள் உண்டு" என்று அவர் தொடங்கினார். இந்தப் பட்டியலில் தப்புச் சொல்ல முடியாததால் எல்லோரும் கைதட்டினார்கள்.

பெண்ணியம் எல்லை மீறிவிட்டது என்ற தரப்பில் கண்ணியப் பாதுகாப்பு மன்றத்தின் செயலாளர் அடுத்துப் பேசினார். "இப்படியே போனா ஒரு ஆம்பளை ஒரு பொம்பளைகிட்ட எப்படித்தான் வேலை வாங்கறது?" என்று கேட்டார். கை வைக்காமல் வேலை வாங்க ஒரு வழியும் இல்லையா என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. அவர் உண்மையிலேயே யோசித்துப் பார்த்துவிட்டு, "அது அவ்வளவு சுலபம் இல்ல" என்றார்.

எதிர்த் தரப்பில் புகழ்பெற்ற பெண் பேச்சாளர் ஒருவர் ஐம்பத்தைந்து நிமிடம் பேசினார். அதில் வரலாறு இருந்தது, உற்பத்தி உறவுகள் இருந்தன, மொழி இருந்தது. தராசு அறை மட்டும் இல்லை. பேசி முடித்துக் கீழே இறங்கி வந்து மில்லியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீ ஒரு தனி ஆள் இல்லம்மா. நீ ஒரு குறியீடு!"

"நான் ஆள்தான் மேடம்" என்றாள் மில்லி. "ஒண்ணாம் தேதி என்னைக் கிடங்குக்கு அனுப்பறாங்க. அதை நிறுத்தச் சொல்லி ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா?"

பேச்சாளர் வாசல் பக்கச் சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். அது ஏழு நிமிடம் பின்னால் ஓடியது. ஆனாலும் அவருக்கு நேரமாகிவிட்டிருந்தது.

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது இரண்டு தரப்புக்கும் இடையே கைகலப்பு நடந்தது. இரண்டு கோப்பை உடைந்தது. விவாதம் மிகவும் ஆரோக்கியமாக நடந்தது என்று இயக்குநர் அறிக்கை விட்டார்.

இருபத்தொன்பதாம் தேதி தணிக்கையாளர் வந்தார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை துறையின் சான்றிதழைப் புதுப்பிக்க வெளியிலிருந்து வருபவர். அவர் 'சரி' என்று கையெழுத்துப் போடாவிட்டால் நாட்டில் ஒரு கிலோ என்பது ஒரு கிலோ இல்லை. சின்ன உருவம். கொண்டுவந்த மேசைத் துணியை விரித்து, அதன்மேல் சொந்த வெப்பமானியை வைத்துவிட்டு, குறிப்பேட்டைக் கேட்டார். பிறகு இரண்டு மணி நேரம் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மில்லி எதிரில் உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒருவர் தான் எழுதியதை வரிவரியாகப் படிக்கிறார் என்பது அவளுக்கு விநோதமாக இருந்தது.

அவர் இயக்குநரையும் துணை இயக்குநரையும் கூப்பிட்டனுப்பினார். தொடர்பில்லை என்றாலும் குழுவும் பின்னாலேயே வந்து, இரண்டு பேர் விதியின் காரணமாக வராந்தாவில் நின்றது. தணிக்கையாளரும் எழுந்து வராந்தாவுக்கு வந்தார்.

"பதினோரு மாசத்துல இந்தக் கல்லுக்குத் தொந்தரவு குடுத்த காரணங்கள்" என்று படித்தார். "லாரி ரெண்டு தடவை. ஏ.சி. அஞ்சு தடவை. துணை இயக்குநர் நாப்பத்து மூணு தடவை."

அவர் இயக்குநர் பக்கம் திரும்பினார்.

"லாரி போகாம ரோட்டுல பலகை வெச்சிருக்கீங்க. ஏ.சி.யை மாத்திட்டீங்க. மூணாவதுக்கு என்ன நடவடிக்கை எடுத்தீங்க?"

"அவருக்கு..." இயக்குநர் தொண்டையைச் செருமினார். "சிறந்த அதிகாரி விருது குடுத்தோம்."

"நான் கிட்டவே போனதில்ல சார்" என்றார் துணை இயக்குநர்.

"அப்ப இந்த நாப்பத்து மூணு பதிவும் பொய். ஒவ்வொண்ணுக்குக் கீழயும் உங்க கையெழுத்து இருக்கு. பொய்ப் பதிவுன்னா சான்றிதழ் ரத்து."

"இல்ல இல்ல, போனேன். ஆனா அவ்வளவு கிட்ட இல்ல."

"வெப்பநிலை ஒவ்வொரு தடவையும் குறைஞ்சது பூஜ்யம் புள்ளி மூணு டிகிரி ஏறியிருக்கு. ஒரு சாண் தூரத்துக்குள்ள ஒரு ஆள் நின்னாத்தான் அப்படி ஏறும்." தணிக்கையாளர் பக்கத்தைத் திருப்பினார். "முதல்ல பத்து சென்டிமீட்டர்னு இருக்கு. அப்புறம் எட்டு. அப்புறம் நாலு. கடைசி பன்னெண்டு பதிவுல தூரம் பூஜ்யம்னு இருக்கு. இது எழுத்துப் பிழையா?"

அவர் மில்லியைக் கேட்டார்.

"இல்ல சார்" என்றாள் அவள். "பூஜ்யம்னா பூஜ்யம்தான்."

தணிக்கையாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் அவருடைய அதிகார வரம்பும் கல்லோடு முடிந்துவிடுகிறது.

"கல் பாதிக்கப்பட்டிருக்கு" என்று எழுதினார்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்த நிறுவனம் எவ்வளவு வேகமாக இயங்க முடியும் என்பதை எல்லோரும் பார்த்தார்கள். குழு அவசரமாகக் கூடியது.

"பதினோரு மாசம்!" என்றார் இயக்குநர். குரல் நடுங்கியது. "நம்ம கட்டடத்துக்குள்ளயே, நம்ம பாதுகாப்புல இருந்த கல்லுக்கு!"

"அதால வாய் திறந்து சொல்லக்கூட முடியாதே" என்று மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாட்சிகள் தேவையில்லை என்று சட்ட அலுவலர் கருதினார். சுருள்வில் தராசு கொண்டுவரப்படவில்லை. மறுநாள் கண்ணியப் பாதுகாப்பு மன்றமும் புகழ்பெற்ற பேச்சாளரும் தனித்தனியே எடைக்கல்லுக்கு ஆதரவாக அறிக்கை விட்டார்கள். இரண்டையும் பத்திரிகை ஒரே பக்கத்தில் போட்டது. பொது விவாதம் முடிவுக்கு வந்தது. எடைக்கல் இவ்வளவு நாள் ஏன் பேசாமல் இருந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

முப்பதாம் தேதி ஆணை வந்தது. கல்லைச் சுற்றி இரண்டு மீட்டருக்கு மஞ்சள் கோடு. அதற்குள் எடை பார்ப்பவர் தவிர யாரும் வரக் கூடாது. கதவுக்கு உள்பக்கமாகத் தாழ்ப்பாள், பித்தளையில், உடனடியாக. மில்லிக்காகத் தட்டச்சு செய்து வைத்திருந்த கிடங்கு மாறுதல் ஆணையை வீணாக்காமல், பெயரை மட்டும் அடித்துத் துணை இயக்குநர் என்று போட்டார்கள். போகும் முன் அவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

யாரிடம் என்பது ஆணையில் தெளிவாக இருந்தது.

மறுநாள் காலை தச்சர் தாழ்ப்பாளை மாட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் ஸ்டோர்கீப்பர் ஓர் உறையோடு வந்தார். மஞ்சள் கோட்டுக்கு வெளியே கவனமாக நின்றுகொண்டு நீட்டினார். மேலே 'பெறுநர்: ஒரு கிலோ மூல எடைக்கல், தராசு அறை, இரண்டாம் மாடி' என்று இருந்தது. 'தங்களுக்கு என்னால் ஏற்பட்ட மன உளைச்சலுக்கு' என்று தொடங்கி ஒரு பக்கம். எழுத்து அழகாக இருந்தது.

"இதுல ஒரு கையெழுத்து போடும்மா. கல்லு சார்பா வாங்கிக்கிட்டதா." அவர் குரலைத் தாழ்த்தினார். "எப்படியோ நீ கேட்ட தாழ்ப்பாள் வந்துடுச்சில்ல?"

"வந்துடுச்சு அண்ணே."

"அப்புறம் என்ன?"

அவள் ஒப்புகைச் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். கீழே 'குறிப்பு ஏதேனும் இருப்பின்' என்று ஒரு வரிக்கு இடம் இருந்தது. இந்த அலுவலகத்தில் அவளுக்குக் கிடைப்பதெல்லாம் ஒரு வரிதான். எழுதினாள்: 'கல்லுக்கு வந்த கடிதத்தைக் கல்லிடம் சேர்த்தேன். எனக்கு வர வேண்டிய கடிதம் இன்னும் வரவில்லை.'

ஸ்டோர்கீப்பர் அதைப் படித்தார். சீட்டைப் பிடித்துக்கொண்டு வேகமாக இறங்கிப் போனார்.

மில்லி தாழ்ப்பாளைப் போட்டாள். கல்லை வைத்தாள். உட்கார்ந்தாள்.

ஐந்தாவது நிமிடத்தில் படியில் பல கால்களின் சத்தம். கதவு தட்டப்பட்டது.

"அம்மா, இயக்குநர் பேசறேன். அந்தக் குறிப்பை மட்டும் கொஞ்சம் அடிச்சுக் குடுத்துடும்மா. கதவைத் திற."

"விசாரணை முடிஞ்சுபோச்சும்மா" என்று மேடத்தின் குரல் கேட்டது. "மறுபடி ஆரம்பிக்கணும்னா புதுப் படிவம் அடிக்கணும்!"

எடை ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்திருக்கக் கூடாது என்பது விதி. அவள் எழுந்திருக்கவில்லை. கழுத்தில் காற்று எதுவும் படவில்லை. முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர் இருந்தது. இருபது நிமிடமும் கதவு விட்டு விட்டுத் தட்டப்பட்டது. முள் ஒரே ஒரு தடவை லேசாக ஆடி, பிறகு தன் இடத்தில் போய் நின்றது.

அவள் குறிப்பேட்டைத் திறந்தாள். அறையில் இருந்தோர்: ஒருவர். தொந்தரவுக்கான காரணம்: இயக்குநர், மற்றும் குழு. தூரம்: கதவுக்கு வெளியே.

பக்கத்தின் கீழே, இனி இயக்குநரே கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு அடுத்த கல்லை எடுத்து வைத்தாள்.